மூக்கில் பதினெட்டு கிராம்

மீன் பெட்டியை அறுத்துத்தான் இறக்கை செய்தேன்.
லாபிஸ் பாசாரில் விடியற்காலை போனால்
பெட்டி ஒரு வெள்ளி.
மூன்று நாள் வெயிலில் கிடந்தும்
கெம்போங் மீன் வாடை போகவில்லை.
பகலில் கைப்பேசிக் கடையில்
அடுத்தவர் உடைத்த திரைகளை மாற்றுகிறேன்.
கதவை இழுத்து மூடிய பிறகு
அதே ஈயம், அதே புகை,
கம்பிகள் மட்டும் என்னுடையவை.

வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கேட்டார்:
‘இதுல ஏறி எங்க போகப் போற?’

முதலில் பொம்மைக் கார் மோட்டார்.
சுற்றியது, பறக்கவில்லை.
அப்புறம் பிரஷ்லெஸ், தொண்ணூறு வெள்ளி.
தீபாவளிச் சேலைக் கணக்கில் எழுதினேன்.
மோட்டாருக்காகப் பெரிய பேட்டரி,
பேட்டரிக்காக நீண்ட இறக்கை,
இறக்கை மடங்காமலிருக்கக் கார்பன் குச்சி.
கல்யாணச் செலவு மாதிரி
ஒன்று இன்னொன்றைக் கையோடு கூட்டி வந்தது.

சனிக்கிழமை இரவு பராமரிப்பு.
கீல்களின் நாடாவை நகத்தால் தடவுவேன்.
சர்வோவைக் காதருகே வைத்துத் திருப்புவேன்,
மணலை மெல்லும் சத்தம் வந்தால்
பல் போய்விட்டது.
காற்றாடியை ஊசியில் கோத்துத் தொங்கவிட்டு
கனத்த பக்கத்தை உப்புத்தாளில் இரண்டே இழுப்பு.
பேட்டரிகளை அரைவயிற்றில் நிறுத்த வேண்டும்,
நிறையத் தின்றாலும் உப்பும்,
பட்டினி கிடந்தாலும் உப்பும்.
மண்சட்டியில் மூடி
சாமி மேடைக்கு எட்டாத மூலையில் வைப்பேன்.

ஞாயிறு காலை ஏழு மணி,
தோட்டத்துப் பந்துத் திடல்.
மாட்டை ஓட்டிவிட்டால் ஓடுபாதை.
விடுவேன். எழும்.
எழுந்ததும் மூக்கைத் தூக்கும்,
தூக்கியபடியே யோசிக்கும்,
பிறகு ஒரு தோளில் சரியும்.
மோட்டாரைக் குற்றம் சொன்னேன். சர்வோவைச் சொன்னேன்.
காற்றைக்கூட.
இரண்டு மாதம்.
பதினோராம் முறை அது செம்பனைக்குள் போனது.

எந்த நிரையில் நின்றாலும்
அதே நிரை.
ரிமோட்டை அமுக்கி அமுக்கி
மோட்டார் முனகுகிறதா என்று காது கொடுத்தேன்.
தவளைதான் பதில் சொன்னது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தான் ரொஃபிகுல்,
ஐந்தாம் டிவிஷனில் குலை வெட்டுகிறவன்,
உரச்சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு.
மட்டையிடுக்கில் மாட்டியிருந்ததாம்.
அரிவாளை அவிழ்த்துவிட்டு
வெறுங்கழியால் தள்ளி இறக்கியிருக்கிறான்.
உடைந்த மூக்கை அவனே ஒட்டியிருந்தான்:
சைக்கிள் டியூப், கறுப்பு நாடா,
உள்ளே ஏதோ கனம்.
என்ன வைத்தாய் என்றேன்.
மோட்டார்சைக்கிளில் கழன்ற நட்டு, இரண்டு.
‘காலியா இருந்துச்சு, அக்கா.’
காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.
அவன் கைப்பேசியின் சார்ஜ் துளையில்
செம்பனை நார் அடைத்திருந்தது.
அதை ஊசியால் எடுத்துக் கொடுத்தேன்.

பிரித்து எறியத்தான் கத்தியை எடுத்தேன்.
பழக்க தோஷம்,
இறக்கையடியில் இரண்டு விரல் நுனி வைத்துத் தூக்கினேன்.
மூக்குத் தாழவில்லை.
வாலும் தாழவில்லை.
ஃபேன் காற்றில் லேசாக ஆடி
அப்படியே நின்றது.

பெரிய பேட்டரியைப் பின்னால் தள்ளிப் பொருத்தியது நான்.
அதற்குப் பிறகு
விரல் வைத்துப் பார்க்காததும் நான்.
தராசில் இன்னொரு நட்டும் நாடாவும் போட்டு அளந்தேன்,
கணக்குப் பார்த்தால் பதினெட்டு கிராம்.

ஞாயிறும் ரொஃபிகுலுக்கு வேலை.
திடலில் நானும் மாடும்தான்.
விமானம் நேராகப் போனது,
இரண்டு மாதத்தில் முதல் முறையாக
என் விரல்களுக்கு வேலையில்லை.
ஐந்தாம் டிவிஷன் பக்கம் திருப்பினேன்.
மரங்களுக்கு மேலே ஒரு கழி நிமிர்ந்தது.
அவனுடையதா, வேறு யாருடையதா,
குலைக்காக நிமிர்ந்ததா,
அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

பேட்டரி கூவியது. இறக்கினேன்.
இடது சக்கரம் கோணல்.
சனிக்கிழமை பார்க்க வேண்டும்.